ஃப்ளையிங் ஸ்கூல் தேர்வு: தம்பிக்கு சிபிஎல், கடலூரிலிருந்து எங்கே அனுப்புவது?

முந்திரித்தோப்பு (கடலூர்) | ஜனவரி 18, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 19 வயது, பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்து முடித்தவன். சிபிஎல் (விமானம் ஓட்டிச் சம்பாதிப்பதற்கான லைசென்ஸ்) எடுத்து பைலட் ஆவதைத் தவிர எந்தப் பேச்சும் வேண்டாம் என்று எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பாண்டியில் இறங்கும் ஏடிஆர் பயணிகள் விமானத்தைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்குப் போய் வருபவன், அந்த அளவுக்குக் கிறுக்கு. அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி முந்திரி இருக்கிறது, அதில் பாதியைக் கொடுத்துவிடலாம், மீதிக்கு பேங்க் லோன் போடலாம் என்கிறார். அம்மா வாயே திறக்கவில்லை.

போன வாரம் பாண்டியில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு வைத்தார்கள், நாங்கள் மூன்று பேரும் போனோம். ஏஜென்ட் இரண்டு பள்ளிகளைக் காட்டினார். ஒன்று மத்திய இந்தியாவில், எல்லாம் சேர்த்து 45 லட்சம். இன்னொன்று பெலகாவியில், 51 லட்சம். முதல் பள்ளியில் 20 விமானம், சீக்கிரம் முடிந்துவிடும், 100 சதவீதம் வேலை என்கிறார். 31ஆம் தேதிக்குள் 2 லட்சம் கட்டினால்தான் சீட்டாம். எதைத் தேர்ந்தெடுப்பது? அரசு ரேங்க் லிஸ்ட் ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தெரிந்தது கணக்கு வழக்கு மட்டும் (கூட்டுறவுச் சங்கத்தில் வேலை), விமானம் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

ஏடிஆர்_வலதுசீட்டு (சென்னை) | ஜனவரி 18, இரவு 10:25

வணக்கம் அக்கா. பள்ளிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கு மெடிக்கல் ஆயிற்றா? ஆகவில்லை என்றால் 2 லட்சம் என்ன, 200 ரூபாய் கூடக் கட்டாதீர்கள்.

முதலில் கிளாஸ் 2 மெடிக்கல், டிஜிசிஏ (மத்திய அரசின் விமானத்துறை இயக்குநரகம்) பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம்தான் எடுக்கவேண்டும், சென்னையில் இருக்கிறார்கள். அது முடிந்ததும் கிளாஸ் 1, பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிலையத்தில் எடுக்கலாம். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால் மட்டும் கதை அங்கேயே முடிந்தது. புள்ளிப்புள்ளியாக வட்டத்துக்குள் எண் தெரியுமே, அந்தப் புத்தகம் கடலூரில் எந்தக் கண் டாக்டரிடமும் இருக்கும், நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். என்னோடு சேர்ந்த ஒருவன் பணம் முழுதும் கட்டிய பிறகுதான் கிளாஸ் 1க்குப் போனான், இதயத்தில் ஏதோ சின்னக் குறை என்று தற்காலிகமாகத் தகுதியில்லை போட்டார்கள். அதைச் சரிக்கட்டவே ஒன்பது மாதம்.

இரண்டாவது, டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பருக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சரிபார்த்த சான்று வேண்டும், அதற்கு நாளாகும். நம்பர் வந்ததும் பேப்பர்களை எழுத ஆரம்பித்துவிடலாம்: ஏர் ரெகுலேஷன், நேவிகேஷன், மெட்டியராலஜி, டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். இவற்றை முடித்துவிட்டு ஃப்ளையிங்குக்குப் போகிறவன் ஹவர்ஸ் (பறந்த மணி நேரக் கணக்கு) மட்டும் பார்த்தால் போதும். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று போகிறவன் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடப்பான், நான் அப்படித்தான் கிடந்தேன்.

மூணு_வருஷம்_போச்சு (விழுப்புரம்) | ஜனவரி 18, இரவு 11:50

‘20 விமானம்’ என்பதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது அக்கா.

என் பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன், மூடியாகிவிட்டதா இருக்கிறதா என்பதும் வேண்டாம். அவர்கள் புத்தகத்தில் 14 விமானம். நான் போய் இறங்கிய அன்று ஹேங்கரில் எண்ணினேன், 14 இருந்தது, பொய்யில்லை. அதில் பறக்கிற நிலையில் இருந்தது 5. ஒன்றுக்கு இன்ஜின் இல்லை, இரண்டுக்கு ப்ரொப்பெல்லர் இல்லை, ஒன்றின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. முதல் மூன்று மாதத்தில் மொத்தம் 4 மணி நேரம் பறந்தேன், சோலோ, அதாவது தனியாகப் பறக்க, ஏழு மாதம். நடுவில் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் ஏர்லைனில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர் எங்களை எல்லாம் முதலிலிருந்து செக் பண்ணினார், அந்த ஹவர்ஸுக்கும் நம் காசுதான். லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரம் முடிக்க மூன்று வருஷம் இரண்டு மாதம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் மோசம்.

இதில் கொடுமை, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது ஸ்கில் டெஸ்ட் (பறந்து காட்டும் தேர்வு) ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். நான் ஒரு டெஸ்ட்டை முடித்தேன், அடுத்ததற்கு விமானம் கிடைக்கவில்லை, காத்திருந்த காலத்தில் முதல் டெஸ்ட் காலாவதி. திரும்ப எடு, திரும்பக் கட்டு. அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கிறவர், ஒரு வெட்டுப் பணம் அதற்கே போயிற்று.

பணத்தை இரண்டே தவணையில் கட்டியிருந்தோம். இரண்டாவது தவணை வாங்கிய பிறகு ஆபீஸில் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

லாஸ்பேட்டைவாசி (புதுச்சேரி) | ஜனவரி 19, காலை 6:15

விமானப் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்தவன், இப்போது ஓய்வு. முந்திரித்தோப்பு அம்மா கணக்கு தெரியும் என்கிறார், நல்லது, இது முழுக்கக் கணக்குதான்.

பள்ளியில் 20 விமானம் என்று சொன்னால் அதை மறந்துவிடுங்கள். இன்று காலை பறக்கத் தயாராக லைனில் எத்தனை நின்றது என்று கேளுங்கள். 6 என்று வைப்போம். ஒரு செஸ்னா (சின்னப் பயிற்சி விமானம்) நல்ல நாளில் 5 மணி நேரம் பறக்கும், மாதத்தில் 25 நாள் வானிலை ஒத்துழைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். 6ஐ 5ஆலும் 25ஆலும் பெருக்கினால் மாதம் 750 மணி நேரம். பள்ளியில் 90 மாணவர்கள் என்றால் தலைக்கு 8 மணி நேரம் சொச்சம், 200 முடிக்க இரண்டு வருஷம். அதே 6 விமானம், 40 மாணவர்கள் என்றால் தலைக்கு 18 மணி நேரத்துக்கு மேல், பதினோரு மாதத்தில் முடியும். விமானம் அதேதான், பாருங்கள். பேட்ச் பேட்ச்சாக ஆளைச் சேர்த்துக்கொண்டே போகிற பள்ளியில் 30 விமானம் இருந்தாலும் வரிசைதான். ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டை எத்தனை இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதுமா, கார்டு எத்தனை என்று பார்க்க வேண்டாமா?

இதில் இன்ஸ்ட்ரக்டர் கணக்கு தனி. அவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பறக்கலாம் என்று வரம்பு உண்டு. சீஃப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் மட்டும் பேப்பரில் இருந்து, மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹேங்கரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல பள்ளி காட்டும். ஐம்பது மணி நேரத்துக்கும் நூறு மணி நேரத்துக்கும் ஒருமுறை செய்யும் பராமரிப்பை அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? செஸ்னா 172இல் இருக்கிற லைகமிங் இன்ஜின் சுமார் 2000 மணி நேரத்துக்கு ஓவர்ஹால் போகவேண்டும். வேகமாகப் பறக்கிற பள்ளியில் இரண்டு மூன்று வருஷத்தில் அது வந்துவிடும், மாற்று இன்ஜின் கைவசம் இல்லையென்றால் அந்த விமானம் மாதக்கணக்கில் நிற்கும். ஒரு விமானத்தின் சாமானைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியே காலம் தள்ளுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தரையில் எண்ணெய்க் கறையைவிடக் கழற்றிப்போட்ட கவர்கள்தான் அதிகம் கிடக்கும்.

எரிபொருளையும் விடாதீர்கள். செஸ்னாவுக்கு ஏவ்கேஸ் வேண்டும், ஏர்லைன் விமானத்துக்கு ஊற்றும் எண்ணெய் ஆகாது. முன்பெல்லாம் அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், 2022இல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து விற்க ஆரம்பித்தது. இருந்தாலும் பள்ளியில் எத்தனை நாள் இருப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. டைமண்ட் என்ற கம்பெனியின் பயிற்சி விமானங்களில் டீசல் வகை இன்ஜின் வருகிறது, அது ஏர்லைன் எண்ணெயிலேயே ஓடும், அந்தத் தொல்லை கிடையாது.

முதுநகர்_பெரியவர் (கடலூர் முதுநகர்) | ஜனவரி 19, காலை 8:05

யாராவது ஒருத்தர் கசப்பாகப் பேசவேண்டும், நான் பேசுகிறேன். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் பல வருஷம் பறந்த பைலட்டுகளே தெருவுக்கு வந்தார்கள், அவர்கள் இருக்கும்போது புதுப்பையனை யார் எடுப்பான்? அரைக் காணி முந்திரி இன்றைக்கு விற்றால் விற்றதுதான். அதே பணத்தில் பையன் இன்ஜினியரிங் படித்து, கூடவே தங்கைக்கோ அக்காவுக்கோ கல்யாணமும் செய்யலாம்.

முந்திரித்தோப்பு | ஜனவரி 19, காலை 8:40

பெரியவரே, என் கல்யாணம் மூன்று வருஷத்துக்கு முன்பே ஆகிவிட்டது, அந்தக் கணக்கை விடுங்கள். :)

வேலைக் கேள்விக்கு மட்டும் யாராவது உண்மை சொல்லுங்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோது பைலட் பற்றாக்குறை என்றுதான் டிவியில் சொன்னார்கள். அதைக் காட்டித்தான் ஏஜென்ட்டும் பேசினார்.

ஏடிஆர்_வலதுசீட்டு | ஜனவரி 19, பிற்பகல் 2:30

பெரியவர் சொன்னதில் பாதி சரி. நான் சிபிஎல் கையில் வைத்துக்கொண்டு 22 மாதம் சும்மா இருந்தேன். அந்தக் காலத்தில் வருஷா வருஷம் கிளாஸ் 1 மெடிக்கலைப் புதுப்பிக்கவேண்டும், ஹவர்ஸ் பழசாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், பாண்டியில் மாமா கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் ‘ப்ளேன் எப்ப ஓட்டுவ’ என்று கேட்பதற்கென்றே கடைக்கு வருவார்கள்.

டிசம்பர் விஷயம் வேறு. பைலட்டுகளின் ஓய்வு நேர விதி மாறியது, அதற்குத் தக்கபடி ஆளும் ரோஸ்டரும் தயாராக இல்லை. அந்த ஓட்டையை 200 மணி நேரக்காரனை வைத்து அடைக்க முடியாது. சிபிஎல் என்பது சின்ன விமானத்துக்கான லைசென்ஸ். ஏர்பஸ்ஸோ ஏடிஆரோ ஓட்ட அதற்கென்று டைப் ரேட்டிங் வேண்டும், அது தனியாகப் பல லட்சம், அதற்கப்புறம் பயணிகள் விமானத்தில் பயிற்சி கேப்டனோடு மாதக்கணக்கில் பறக்கவேண்டும். ஏஜென்ட்டின் 45 லட்சத்தில் டைப் ரேட்டிங் இருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

100 சதவீதம் வேலை என்று எந்த ஃப்ளையிங் ஸ்கூலும் சொல்ல முடியாது, ஆள் எடுப்பது ஏர்லைன். ஏர்லைன்களின் கேடட் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அவர்களே தேர்வு வைத்து, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள பள்ளிக்கு அனுப்புவார்கள். செலவு கூடுதல், ஆனால் முடித்தபின் போகும் பாதை கொஞ்சம் தெளிவு. அரசு சார்பில் உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இக்ருவா என்ற ஃப்ளையிங் ஸ்கூல் இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. தம்பி அதையும் எழுதட்டும், கிடைக்காவிட்டால் போகிறது.

டல்லாஸ்_நெய்வேலி (அமெரிக்கா) | ஜனவரி 20, அதிகாலை 4:10

நெய்வேலிப் பையன் என்று தெரிந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அமெரிக்காவில் முடித்தவன். இங்கே விமானம், எரிபொருள், இன்ஸ்ட்ரக்டர் எதற்கும் பஞ்சமில்லை, தினமும் பறக்கலாம், ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் விசா கிடைப்பது உறுதியில்லை, டாலர் ஏறினால் பட்ஜெட் இறங்கும், ஊருக்குத் திரும்பினால் லைசென்ஸ் கன்வர்ஷன் என்று டிஜிசிஏ பேப்பர், மறுபடியும் செக் ரைடு (பறந்து காட்டும் தேர்வு). கன்வர்ஷனுக்காக இந்தியப் பள்ளியில் விமானம் கிடைக்காமல் வரிசையில் நிற்கிற அமெரிக்க லைசென்ஸ்காரர்கள் நிறைய. வாய்ப்பு இருந்தால் பாருங்கள், தோப்பை விற்று வருகிறவர்களுக்கு நானாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ப்ளூ_ஸ்கை_கைடன்ஸ் | ஜனவரி 20, காலை 10:02

(இந்தப் பதிவு நீக்கப்பட்டது. காரணம்: விளம்பரம், தொலைபேசி எண். – நிர்வாகி)

மணக்குளம்77 (புதுச்சேரி) | ஜனவரி 20, இரவு 8:20

பெண்ணைச் சேர்த்திருக்கும் தாய் நான். அவள் இப்போது 140 மணி நேரத்தில் இருக்கிறாள். எல்லாரும் விமானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் சண்டை முழுக்க அதில்தான் வந்தது.

பணத்தை மாதக் கணக்கில் கட்டாதீர்கள், பறந்த ஹவர்ஸ் கணக்கில் கட்டுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். எங்களிடம் முதலில் ‘வழக்கம் இல்லை’ என்றார்கள், விடாமல் நின்றதும் நாலு தவணையாக ஒத்துக்கொண்டார்கள்: சேரும்போது, சோலோ முடிந்ததும், 100 மணி நேரத்தில், 160 மணி நேரத்தில். கையில் கொடுக்கவேண்டிய பணம் இருக்கும்வரைதான் நமக்கு மரியாதை. அப்புறம் அந்த ‘எல்லாம் சேர்த்து’ என்ற வார்த்தை. எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில்? விமான நிலையத்தில் இறங்கும் கட்டணம், இரவுப் பறத்தலுக்கான கட்டணம், எக்ஸாமினர் கட்டணம், 200க்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, ஹாஸ்டல், சாப்பாடு, மல்டி இன்ஜின் (இரண்டு இன்ஜின் விமானம்) ஹவர்ஸ் எந்த விமானத்தில், அந்த விமானம் இப்போது பறக்கிறதா. மல்டி எங்கும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அது படுத்தால் எல்லாரும் வரிசை. நடுவில் விட்டு வந்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

லோன் எடுக்கிறீர்கள் என்றால் இதையும் சேருங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள், மீதித் தோப்பும் பேங்கில் மாட்டும். 30 லட்சம், பத்தரை சதவீதம் என்று வைத்தால் வட்டி மட்டும் மாதம் 26 ஆயிரத்துச் சொச்சம். பள்ளி ஒரு வருஷம் இழுத்தடித்தால் மூன்று லட்சத்துக்கு மேல் வட்டி, மேலே ஹாஸ்டல் செலவு. 45க்கும் 51க்கும் உள்ள வித்தியாசம் அதில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பெண்பிள்ளையை அனுப்புகிற யாராவது இதைப் படித்தால்: ஹாஸ்டலிலிருந்து ஏர்போர்ட்டுக்கு அதிகாலை ஐந்து மணிக்கு வண்டி யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் முதல் ஆறு மாதம் ஆட்டோதான், எனக்குத் தூக்கம் இல்லை.

முந்திரித்தோப்பு | ஜனவரி 20, இரவு 9:15

கை எடுத்துக் கும்பிடுகிறேன் அக்கா. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ரேங்க் லிஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

லாஸ்பேட்டைவாசி | ஜனவரி 21, காலை 6:30

இருக்கிறதம்மா. டிஜிசிஏ முதல் பட்டியலை 2025 அக்டோபரில் வெளியிட்டது. மேல் வகையில் ஒரு பள்ளி கூட வரவில்லை, எல்லாம் பி, சி. பாருங்கள், சி வந்திருந்தால் ஏன் என்று பள்ளியிடமே கேளுங்கள், ஆனால் அது நாடு முழுக்க ஒரு பார்வை. ஒரே பள்ளி இன்ஸ்ட்ரக்டர் இரண்டு பேர் போனால் ஆறு மாதத்தில் தலைகீழாகிவிடும்.

வானிலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் பறக்க முடியாது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது லாஸ்பேட்டை எப்படி மிதந்தது என்று எனக்குத் தெரியும். வடக்கே மார்கழி, தையில் மூடுபனி, காலை பத்து பதினொன்று வரை ஓடுதளமே தெரியாது. மகாராஷ்டிரா, மேற்குக் கர்நாடகா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. எந்த ஊரும் பன்னிரண்டு மாதமும் பறக்க விடாது, அதனால் ‘போன ஜூலையில் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்’ என்று மோசமான மாதத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, பள்ளிக்கென்று தனி ஓடுதளமா, பயணிகள் விமானம் வரும் இடமா? இரண்டாவது என்றால் ஏர்லைன் வரும்போதெல்லாம் நம் பையன் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பான், அந்த நிமிஷங்களும் ஹவர்ஸில் ஏறும், நமக்குக் காசு. ஆனால் கன்ட்ரோல் டவரோடு பேசிப் பழகுவது பிற்பாடு பெரிய உதவி. நான் எது நல்லது என்று சொல்ல மாட்டேன்.

மூணு_வருஷம்_போச்சு | ஜனவரி 21, மதியம் 12:45

ஐயா சொன்ன ஹவர்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விமானம் இல்லாத பள்ளிகளில் ‘பார்க்கர் ஹவர்ஸ்’ என்று ஒன்று ஓடும், அதாவது பேனாவாலேயே லாக்புக்கில் பறப்பது. வேகமாக முடித்துத் தருகிறோம் என்று யாராவது கண்ணடித்தால் ஓடிவிடுங்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டது பெரிய செய்தியானது. மாட்டினால் வாழ்க்கை போயிற்று, மாட்டாவிட்டால் அது இன்னும் பயம்.

அக்கா, நேரில் போங்கள். ஏஜென்ட் இல்லாமல், சொல்லாமல். முதல் நாள் ஆபீஸுக்குள் போகாதீர்கள், வேலிக்கு வெளியே டீக்கடை ஏதாவது இருக்கும், அங்கே உட்காருங்கள். சாயங்காலம் பையன்கள் டீ குடிக்க வருவார்கள். ‘எப்ப சேர்ந்தீங்க, இப்ப எத்தனை ஹவர்ஸ்’ என்ற இரண்டே கேள்வி. பத்து பேரிடம் கேட்டால் போதும். என்னிடம் யாராவது அன்றைக்கு அப்படிக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

முதுநகர்_பெரியவர் | ஜனவரி 21, பிற்பகல் 3:20

நம் பக்கத்திலேயே எதுவும் இல்லையா? உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது. நாங்கள் சின்ன வயதில் அந்தப் பக்கம் போனால் மல்லாட்டை (வேர்க்கடலை) காயப்போட்டிருப்பார்கள்.

லாஸ்பேட்டைவாசி | ஜனவரி 21, மாலை 5:00

லாஸ்பேட்டையிலேயே ஒரு காலத்தில் பயிற்சி விமானம் பறந்தது பெரியவரே, வீட்டு மொட்டை மாடியிலிருந்தே சர்க்யூட் எண்ணுவேன். இப்போது இல்லை. விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிக்கென்று இடம் ஒதுக்கியதில் நமக்குக் கிட்டத்தில் சேலம் உண்டு, முந்திரித்தோப்பு அம்மா அதையும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம், அதே கேள்விகளோடு. ஊர் பக்கம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

முந்திரித்தோப்பு | பிப்ரவரி 9, இரவு 10:10

எல்லாருக்கும் வணக்கம், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கண் டாக்டரிடம் போனோம், புள்ளிப் புத்தகத்தில் எல்லா எண்ணையும் கடகடவென்று படித்துவிட்டான். கிளாஸ் 2 சென்னையில் முடிந்தது, ஃபிட். கிளாஸ் 1க்குத் தேதி கேட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் நம்பருக்கும் போட்டாயிற்று. 2 லட்சம் கட்டவில்லை. 31ஆம் தேதி ஏஜென்ட் நாலு தடவை கூப்பிட்டார், கடைசித் தடவை சீட் போய்விட்டது என்றார். 3ஆம் தேதி திரும்பக் கூப்பிட்டு, எங்களுக்காக ஒரு சீட் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார்.

அப்பாவும் தம்பியும் நானும் அந்த 45 லட்சப் பள்ளிக்குப் போய் வந்தோம். சொல்லாமல்தான் போனோம். டீக்கடை இருந்தது, இங்கே விழுப்புரத்துத் தம்பி சொன்னதுபோல அப்படியே வேலிக்குப் பக்கத்தில். காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒன்று வரை உட்கார்ந்து நோட்டில் எழுதினேன், விமானத்தின் பக்கவாட்டில் எழுத்து இருக்கிறதே, அதை வைத்து. நல்ல வெயில், மேகம் ஒன்று கிடையாது. வெளியே ஒன்பது நின்றது. நாலுதான் பறந்தது, அந்த நாலும் மாறி மாறி. ஹேங்கர் காட்ட முடியாது, பாதுகாப்பு என்றார்கள். மொத்தம் எத்தனை மாணவர்கள் என்று கேட்டதற்கு ‘பேட்ச் வாரியாகத்தான் சொல்ல முடியும்’ என்றார் ஆபீஸ் அம்மா. சாயங்காலம் பதினோரு பையன்களிடம் கேட்டோம். ஒரு மதுரைப் பையன், சேர்ந்து பதினாறு மாதம், 71 மணி நேரம். தமிழ் கேட்டதும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்களும் ஏறக்குறைய அதே நிலைதான், ஒருவன் மட்டும் 110.

லாஸ்பேட்டை ஐயாவின் கணக்கில் போட்டுப் பார்த்தேன், மதுரைப் பையனுக்கு மாதம் நாலரை மணி நேரம். 200க்கு நாற்பத்தைந்து மாதம் வருகிறது. தம்பி அந்த நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ரயிலில் தூங்கிவிட்டான்.

ஏஜென்ட் நம்பரை பிளாக் செய்தாயிற்று. தோப்பு விற்கும் பேச்சை கிளாஸ் 1 வரும்வரை எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், இவ்வளவு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை இது. அடுத்து பெலகாவி, அதற்கப்புறம் சேலம். கடலூரிலிருந்து பெலகாவிக்கு எப்படிப் போவது, பெங்களூர் போய் மாறவேண்டுமா?

மணக்குளம்77 | பிப்ரவரி 9, இரவு 10:35

மாற வேண்டாம். பாண்டியிலிருந்தே தாதர் போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, பெங்களூர், ஹூப்ளி வழியாக நேரே பெலகாவி. தினமும் கிடையாது, கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

மூணு_வருஷம்_போச்சு | பிப்ரவரி 9, இரவு 11:20

அந்த மதுரைத் தம்பியின் நம்பர் வாங்கினீர்களா அக்கா? இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பாக்கி ஹவர்ஸை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்கிறேன்.

முந்திரித்தோப்பு | பிப்ரவரி 10, காலை 7:05

வாங்கியிருக்கிறேன். அனுப்பிவிட்டேன்.